ஜி.எச்.சில் தொண்டு செய்யப் போகும் மாணவர்களுக்கு: இலக்கு வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பதிவு முடிந்த வாரத்தில் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணா, எங்களை ஜி.எச்.சில் போட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு இலக்கு எழுதிக் கொண்டுவரச் சொல்கிறார் சார். என்ன எழுதுவது?" படிக்கிற காலத்தில் இரண்டு வருடம் ஒரு அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் தொண்டனாக நின்றவன் நான். அதற்கப்புறமும் புது மாணவர்களை அங்கே கூட்டிப்போய் விடுவது என் வேலையாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன்.

இலக்கு எதற்கு? போய் முடிந்த உதவியைச் செய்தால் போதாதா?

ஒரு நாள் அப்படிப் போய்ப் பாருங்கள். காலை எட்டரைக்கு ஓ.பி. பதிவு வரிசை வராந்தாவைத் தாண்டி வெளியே வேப்பமரம் வரை நிற்கும். அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு நடுவில் நிற்பீர்கள். ஊழியர்கள் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள், உங்களிடம் நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது. யாரிடம் போய் "என்ன வேண்டும்" என்று கேட்பது என்று கூச்சமாக இருக்கும். அரைமணி நேரத்தில் தூணோரமாக ஒதுங்கிப் போனை எடுத்துவிடுவீர்கள். இது சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. நமக்கென்று ஒரு வேலை இல்லாத இடத்தில் நிற்பது அவ்வளவு கஷ்டம். இன்றைக்கு எந்த வாசலில், எத்தனை மணி வரை, என்ன செய்யப் போகிறோம் என்று தெரிந்து போகிறவருக்கு இந்தக் கூச்சம் பத்து நிமிடத்தில் போய்விடும்.

வருடத்துக்கு 120 மணி நேரம் என்று கணக்கு இருக்கிறதே. அதை முடிப்பதே இலக்குதானே?

அது வருகைப்பதிவு. என்.எஸ்.எஸ்.சில் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம், வருடத்துக்கு 120. அந்த 120-ல் 20 மணி நேரம் அறிமுக வகுப்புகளுக்கு, கல்லூரி வளாக வேலைக்கு அதிகபட்சம் 30, மிச்சம் 70 மணி நேரம் வெளியே மக்களிடம். மருத்துவமனையில் நீங்கள் நிற்கப்போவது இந்த 70-ல்தான்.

மணி நேரத்தையே இலக்காக வைத்தால் என்ன ஆகும் என்பதைச் செப்டம்பர் 24 அன்று பார்க்கலாம். 1969-ல் திட்டம் தொடங்கிய நாள் அது. அன்றைக்கு ஒரு பஸ் நிறைய மாணவர்கள் வந்து இறங்குவார்கள். ஏற்கெனவே பெருக்கிய வளாகத்தை இன்னொரு முறை பெருக்குவார்கள், பேனர் பிடித்துப் போட்டோ எடுப்பார்கள், டைரியில் ஐந்து மணி நேரம் ஏறும். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால் நாலு பேர் நிற்பார்கள். வருடம் முழுக்க வேலை நடப்பது அந்த நாலு பேரால்.

சரி, நல்ல இலக்கு எப்படி இருக்கும்? ஒன்று எழுதிக் காட்டுங்களேன்.

முதலில் மாணவர்கள் வழக்கமாக எழுதிக் கொடுப்பதைச் சொல்கிறேன்: "நோயாளிகளுக்கு அன்புடன் சேவை செய்து அவர்களின் துயர் துடைப்பேன்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மார்ச் மாதம் இதை எடுத்து வைத்துக்கொண்டு, செய்தோமா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

போன வருடம் ஒரு வணிகவியல் மாணவி எழுதியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது: "ஜனவரியிலிருந்து மார்ச் வரை, சனிக்கிழமைதோறும் காலை 8 முதல் 11 வரை, ஓ.பி. பதிவுக் கவுண்டருக்கு வெளியே நிற்பேன். துணைக்கு ஆள் இல்லாமல் வரும் வயதானவர்கள் ஒரு நாளைக்குப் பத்துப் பேரையாவது அவரவர் போகவேண்டிய அறை வாசல்வரை கொண்டுபோய் விடுவேன்." இடம், நேரம், ஆள், எண்ணிக்கை எல்லாம் இதில் இருக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். இதில் உள்ள எல்லாமே அந்தப் பெண்ணின் கையில் இருப்பவை. "காத்திருக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைப்பேன்" என்று அவள் எழுதவில்லை. அது டாக்டர்களின் எண்ணிக்கையையும் வருகிற கூட்டத்தையும் பொறுத்தது. ஒரு மாணவியால் ஆகிற காரியமில்லை.

அறை வாசல்வரை கொண்டுபோய் விடுவது சின்ன வேலைதானே என்று நினைக்காதீர்கள். ஓ.பி. சீட்டோடு ஒரு பெரியவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறார். சீட்டில் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. மூன்றும் இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு கட்டடம். எக்ஸ்ரே அறையின் பழைய எண் சுவரில் பெயின்டில் இருக்கிறது, புது எண் கதவில் தாளில் ஒட்டியிருக்கிறது. கேட்டால் "நேராப் போயி லெஃப்ட்" என்பார்கள். அவர் நேராகப் போய் மருந்து வாங்கும் வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்பார். கவுண்டரை அடைந்ததும், "இது எக்ஸ்ரே சீட்டு தாத்தா" என்று திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் ரத்தம் எடுக்கிற நேரம் முடிந்திருக்கும். நாளைக்கு மறுபடி பஸ் ஏறி வரவேண்டும், ஒரு நாள் கூலி போச்சு. ரத்தப் பரிசோதனைக்கு முதலில், எக்ஸ்ரேவுக்கு அப்புறம் என்று வரிசைப்படுத்திக் கூட்டிப்போக ஒரு ஆள் இருந்தால், அன்றைக்கே முடிந்துவிடும்.

முதல் வாரமே எழுதித் தரச் சொல்கிறாரே சார்? இடமே தெரியாமல் எப்படி எழுதுவது?

எழுத முடியாதுதான். என் யோசனை: முதல் மூன்று வாரத்துக்கு "பார்ப்பது" என்பதையே இலக்காக எழுதிக் கொடுங்கள். பொய்யில்லை, உண்மையிலேயே பெரிய வேலை அது. சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மக்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கேள்விக்கு ஒரு கோடு போட்டு வாருங்கள். நாலு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே, பால்கணக்கு மாதிரி. நாங்கள் முதன்முதலில் இப்படிப் போட்டபோது, வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "ஈ.சி.ஜி. எங்கே எடுக்கிறாங்க?" அந்த அறையை மாடியிலிருந்து கீழே மாற்றியிருந்தார்கள், பலகையை மாற்றவில்லை. நோட்டை அப்படியே நிலைய மருத்துவ அலுவலரிடம் காட்டினோம். ஆர்.எம்.ஓ. என்பார்களே, அவர்தான் இந்த மாதிரி விஷயங்களுக்கு ஆள். பத்து நாளில் அம்புக்குறி போட்ட பலகை வந்துவிட்டது. நாங்கள் ஒரு வருடம் வாயால் சொல்லியிருக்கக்கூடிய பதிலை அந்தப் பலகை சொல்லத் தொடங்கியது. எங்களுக்கு வேறு இலக்கு தேடவேண்டி வந்தது.

மூன்று வாரம் கழித்துத் திட்ட அலுவலரிடம், அதாவது என்.எஸ்.எஸ்.சைப் பார்த்துக்கொள்ளும் சாரிடம், போய் எழுதியதை மாற்றிக் கொடுங்கள். கோபித்துக்கொள்ளும் ஆசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சரியாக இருக்கும்?

இரண்டிலிருந்து மூன்று. இது எனக்குத் தோன்றியதைச் சொல்வதில்லை. கேரளத்தில் வீட்டோடு முடங்கிய நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சை அமைப்புகள் ஊர் ஊராக வளர்ந்தன. மலப்புறம் மாவட்டம் அதற்குப் பேர்போனது. அங்கே தொண்டர்களிடம் கேட்டது வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். ஆனால் வாராவாரம் வரவேண்டும். அதற்கு முன்னால் 16 மணி நேரம் வகுப்பும் உண்டு. இரண்டு மணி நேரக்காரர்களை வைத்துத்தான் அவ்வளவு பெரிய வேலை நடந்தது.

கணக்கும் ஒத்துவருகிறது. சனிக்கிழமை மூன்று மணி நேரம் வீதம் 24 வாரம் போனால் 72 மணி நேரம். நவம்பர், ஏப்ரல் பருவத்தேர்வு, தீபாவளி, பொங்கல் எல்லாம் கழித்தாலும் வருடத்தில் 24 சனிக்கிழமை தேறும். "தினமும் வருவேன்" என்று எழுதிக் கொடுக்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

எதிலெல்லாம் கை வைக்கலாம், எதில் கூடாது?

வழிகாட்டுவது, சக்கர நாற்காலி தள்ளுவது (ஊழியர் காட்டிக் கொடுத்த பிறகு), படிவம் நிரப்புவது, எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சீட்டைப் படித்துச் சொல்வது, குழந்தைகள் வார்டில் கதை சொல்வது, வரிசையில் நிற்கிற அம்மாவின் கைக்குழந்தைக்கு அவர் கண்முன்னாலேயே விளையாட்டுக் காட்டுவது. இதெல்லாம் செய்யலாம்.

மருந்து எடுத்துக் கொடுப்பது, டிரிப்ஸ் பாட்டிலைத் தொடுவது, நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைப்பது, ரிப்போர்ட்டைப் பார்த்து "ஒன்றும் இல்லை, நார்மல்தான்" என்பது, இவை கூடவே கூடாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வைத்திருக்கும் மருத்துவக் கழிவுத் தொட்டிகளுக்குள்ளும் கைவிடாதீர்கள். கீழே ஊசி கிடந்தால் எடுக்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

சாப்பிடக் கொடுப்பதைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் நானே மாட்டியிருக்கிறேன். என் இரண்டாவது மாதம். அறுவைச் சிகிச்சை வார்டில் ஒரு பாட்டி, "தம்பி, நேத்து ராத்திரியிலேருந்து நாக்கு வறண்டு கெடக்கு, ஒரு வாய் டீ வாங்கிக் குடேன்" என்றார். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். ஓடிப்போய் வாங்கிவந்து ஆற்றிக் கொடுத்தேன். பாட்டி என் கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஒரு மணி நேரம் கழித்து அவரை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வந்தார்கள். பால் கலந்த டீ என்றால் ஆறு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைய பட்டியலிலிருந்து பாட்டியை எடுத்துவிட்டார்கள். அடுத்த தேதி நாலு நாள் கழித்து. மகள் என்னைத் திட்டவில்லை. "இன்னும் நாலு நாள் லீவு சொல்லணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள், அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் இலக்குத் தாளில் ஒரு வரி சேர்த்தேன்: "சிஸ்டரைக் கேட்காமல் யாருக்கும் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டேன்." என் கூட வருகிற மாணவர்கள் எல்லோரும் இந்த வரியை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும்.

காப்பீட்டு அட்டை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதை இலக்காக எடுக்கலாமா?

தாராளமாக. படிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள வேலை இல்லை என்பேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டும் ஆதாரும் கிராம நிர்வாக அலுவலர் வழியாக வாங்கும் வருமானச் சான்றும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியவேண்டும். பலர் சான்று இல்லாமலே அங்கே போய்த் திரும்பி வருகிறார்கள். எந்தக் காகிதம், எங்கே, எந்த வரிசையில் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். "வாரம் ஐந்து குடும்பத்துக்கு எழுதிக் கொடுப்பேன்" என்பது அழகான இலக்கு. "உங்களுக்குக் கட்டாயம் கிடைத்துவிடும்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அதைச் சொல்லவேண்டியவர் காப்பீட்டுக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு டாக்டராக ஆசை. இந்த மணி நேரம் சீட் கிடைக்க உதவுமா?

இங்கே உதவாது. எம்.பி.பி.எஸ். இடம் நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான், தொண்டுக்கு மதிப்பெண் கிடையாது. அமெரிக்கா மாதிரி நாடுகளில் மருத்துவக் கல்லூரிகள் மருத்துவமனை அனுபவத்தைக் கேட்கின்றன. அங்கே விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் தேதி, நேரம், பொறுப்பாளர் கையெழுத்தோடு டைரியை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

வேறொரு விதத்தில் உதவும். ஒரு வருடம் வார்டு வாடையில் நின்ற பிறகும் அந்த ஆசை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லை என்று தெரிந்துகொண்டு நிம்மதியாகப் பி.காம். படித்தவர்களும் உண்டு.

நோய் ஒட்டிக்கொள்ளாதா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயம் நியாயமானது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்றைக்கு ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. சிறுவயதில் போட்டாயிற்றா என்று அம்மாவிடம் கேளுங்கள், இல்லையென்றால் முதல் ஊசியை உடனே போடுங்கள். காசநோய் வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு, தீக்காயப் பிரிவு ஆகியவற்றை இலக்கில் சேர்க்காதீர்கள். கை கழுவுவதைச் சேருங்கள். சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி, கையில் தேய்க்கிற திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. காய்ச்சல், இருமல் இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்கு நம்மிடமிருந்து ஒட்டிக்கொள்ளும் என்பதையும் வீட்டில் சொல்லுங்கள்.

டைரிக்குப் போட்டோ வேண்டும் என்கிறார்கள்.

நோயாளியின் முகம், சீட்டு, கட்டில் எண் எதுவும் தெரியக்கூடாது. கட்டட வாசலில் நீங்கள் நிற்கிற படம் போதும். பேச்சிலும் இதே கட்டுப்பாடுதான். உங்கள் தெருக்காரர் ஒருவரை அங்கே பார்த்தால், பார்த்ததையே மறந்துவிடுங்கள், வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

நோயாளிகள் காசு கொடுத்தால்? வேறு யாராவது அவர்களிடம் காசு கேட்பதைப் பார்த்தால்?

நீங்கள் வாங்கக்கூடாது, பத்து ரூபாய் என்றாலும். "பஸ்ஸுக்கு வச்சுக்கங்க பாட்டி" என்று கையை மூடிவிடுங்கள். இரண்டாவது கேள்வி சிக்கலானது. சக்கர நாற்காலி தள்ள ஐம்பது, நூறு கேட்பது கண்ணில் படும். அங்கேயே சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த வாரம் அந்த வார்டில் உங்களை யாரும் சேர்க்கமாட்டார்கள், கொடுத்தவருக்கும் பயன் இருக்காது. தேதி, நேரம், இடம் குறித்துத் திட்ட அலுவலரிடம் கொடுங்கள், அவர் நிர்வாகத்திடம் பேசட்டும். எங்கள் மாணவர்கள் இருவர் நாற்காலி தள்ளுவதையே இலக்காக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நின்ற காலை நேரங்களில் அந்த வாசலில் வசூல் படுத்துவிட்டது.

எனக்குத் தெலுங்கு தெரியும். அதனால் ஏதாவது ஆகுமா?

சென்னையில் இருந்தால் நீங்கள் தங்கம். சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு ஆந்திராவிலிருந்து ரயிலில் இறங்கி அப்படியே வருபவர்கள் உண்டு. திருப்பூர், கோவை பக்கம் இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்கள். வழி, நேரம், கவுண்டர் இதெல்லாம் மொழிபெயர்க்கலாம். நோய் என்ன, மருந்து எப்படி என்பதை டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், அவர் சொன்னதை மட்டும்.

ஒரு சாவைப் பார்த்துவிட்டேன். போகவே பிடிக்கவில்லை.

ஒரு வாரம் போகாதீர்கள். இலக்குத் தாளில் "வரவில்லை" என்று எழுதினால் போதும், காரணம் எழுதவேண்டாம். கூட வந்த நண்பரிடம் பேசுங்கள், திட்ட அலுவலரிடம் பேசுங்கள். தூக்கம் வராமல் அதுவே ஓடிக்கொண்டிருந்தால் 14416-க்குப் போன் செய்யலாம், மனநல ஆலோசனைக்கான இலவச எண். திரும்பிப் போகும்போது வார்டு வேண்டாம், ஓ.பி.க்கு மாற்றிக் கேளுங்கள்.

பத்துப் பேர் என்று எழுதினேன், ஆறு பேரைத்தான் கூட்டிப்போக முடிகிறது.

அப்படியென்றால் ஆறு என்று திருத்துங்கள். ஆனால் ஏன் ஆறு என்று பாருங்கள். ஒருவரோடு ஸ்கேன் வரிசையில் கடைசிவரை நின்றதால் என்றால், அவருக்கு அது தேவையாக இருந்திருக்கும். கவுண்டர் பக்கத்தில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்ததால் என்றால், அது உங்களுக்கே தெரியும். மாதத்துக்கு ஒரு முறை திருத்தினால் போதும், வாராவாரம் திருத்தினால் இலக்கு என்று ஒன்று இருக்காது.

மூன்றாம் வருடம் முடிகிறது. என் இடத்தை என்ன செய்வது?

கடைசி இரண்டு சனிக்கிழமை ஜூனியர் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நிறுத்துங்கள். முதல் வாரம் நீங்கள் பேசுங்கள், அவர் பார்க்கட்டும். அடுத்த வாரம் அவர் பேசட்டும். அந்தச் சின்ன நோட்டைக் கொடுத்துவிடுங்கள். அதன் கடைசிப் பக்கத்தில் வேறெங்கும் எழுதியிருக்காத விஷயங்களை எழுதுங்கள்: எந்த லிஃப்ட் பாதி நாள் ஓடாது, எந்தக் கழிவறையில் தண்ணீர் வரும், சக்கர நாற்காலியை எந்தப் படிக்கட்டுக்குப் பின்னால் வைப்பார்கள், எந்த சிஸ்டரிடம் பத்து மணிக்கு முன்னால் எதுவும் கேட்கக்கூடாது.